கல்லிற் கண்ட கணக்கும் கல்லுக்கு இட்ட கணக்கும்
தொன்மைக் கோயில்களின் எண்ணொழுங்கு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எம்மவர் பேசும் மேடைகளில் ஒரு கணக்கு அடிக்கடி சொல்லப்படுகின்றது. கருவறை இலிங்கத்தின் உயரம் 12 அடி. அது உயிரெழுத்தைக் குறிக்கும். அதன் பீடம் 18 அடி. அது மெய்யெழுத்தைக் குறிக்கும். விமானத்தின் உயரம் 216 அடி. அது உயிர்மெய்யைக் குறிக்கும். இலிங்கத்துக்கும் நந்திக்கும் இடைப்பட்ட தூரம் 247 அடி. அது தமிழ் எழுத்துகளின் மொத்தத் தொகையைக் குறிக்கும். இதனைக் கேட்டதும் அவை கைதட்டும். பாடசாலைக் காலத்தில், பேச்சுப் போட்டியொன்றில் இக்கணக்கைச் சொல்லி அக்கைதட்டலைப் பெற்றவர்களுள் இக்கட்டுரையாளனும் ஒருவன். ஆகவே, ஈண்டுச் செய்யப்படும் விமர்சனம் பிறர்மீது மட்டும் தொடுக்கப்படுவதன்று.

தொன்மையான வழிபாட்டுக் கட்டடங்களிற் கணித ஒழுங்கு உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே விடை. அளவின்றிக் கல்லை அடுக்க முடியாது. ஒப்புமையின்றி விமானத்தை உயர்த்த முடியாது. ஆயின், கட்டியோர் தம் தொழிலின் தேவையால் அமைத்த கணக்கு வேறு. பிற்காலத்தவர் தம் பெருமையின் தேவையால் அக்கட்டடத்தின்மீது ஏற்றும் கணக்கு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு உரிய அளவுகோல் யாது என்பதே இக்கட்டுரையின் வினா. எகிப்து, கிரேக்கம், வடஇந்தியா, தஞ்சை ஆகிய நான்கு இடங்களிலிருந்து எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

மூன்று சோதனைகள்

வரலாற்றுத்துறை மாணவர்களாகிய நாம் சிலர் பொலநறுவைக்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தபோது, வானவன்மாதேவி ஈசுவரம் எனச் சாசனங்கள் குறிப்பிடும் இரண்டாம் சிவ தேவாலயத்தின் முன் நின்றோம். சோழராட்சிக் காலத்தில், அடி முதல் முடி வரை கல்லினாலேயே கட்டப்பட்டு இன்றும் நிற்கும் சிறிய கோயில் அது. அதன் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கண்டுவிடலாம் என்ற ஆர்வத்தில் நண்பர் மூவர் தனித்தனியே கணித்தனர். மூன்று விடைகள் வந்தன. ஒருவர் நிலமட்டத்திலிருந்து உயரத்தைக் கொண்டார்; ஒருவர் அதிட்டானத்தின் மேல் விளிம்பிலிருந்து கொண்டார்; மற்றவர் அகலத்தைச் சுவரிற் கொள்ளாது அடித்தளத்தின் பிதுக்கத்திற் கொண்டார். மூவரும் தவறிழைக்கவில்லை. எங்கிருந்து எங்குவரை அளப்பது என்ற முடிவு அவர்களுடையதாக இருந்ததேயன்றிக் கோயிலைக் கட்டியவருடையதாக இருக்கவில்லை.

இவ்வனுபவத்திலிருந்து மூன்று சோதனைகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, சொல்லப்படும் அளவு எந்த அலகிற் சொல்லப்படுகின்றது? அவ்வலகு கட்டியவர் கையில் இருந்ததா? இரண்டாவது, அளவு எங்கிருந்து எங்குவரை எடுக்கப்பட்டது? அவ்வெல்லையைத் தெரிந்தவர் யார்? மூன்றாவது, அவ்விதியைக் கட்டியவர் அறிந்திருந்தனர் என்பதற்கு அக்கட்டடத்துக்குப் புறம்பான சான்று உண்டா? நூலோ, சாசனமோ, அதே மரபைச் சேர்ந்த பிறிதொரு கட்டடமோ அச்சான்றாக அமையலாம். இம்மூன்றிலும் தேறும் கணக்கைக் கல்லிற் கண்ட கணக்கு எனக் கொள்வோம். தேறாததைக் கல்லுக்கு இட்ட கணக்கு என்போம்.

கீசாவின் பெரிய பிரமிட்டு

இத்துறையில் ஐரோப்பியர் பட்ட பாடு எமக்கு நல்ல படிப்பினை. 1859 இல் யோன் ரெயிலர் என்பவரும், அவரைப் பின்பற்றி 1864 இல் ஸ்கொத்லாந்தின் அரச வானியலாளராக இருந்த பியாசி சிமித் என்பவரும் கீசாவின் பெரிய பிரமிட்டைப் பற்றி நூல்கள் எழுதினர். பிரமிட்டின் அடிப்பக்கத்தைத் தாம் கருதிய ‘பிரமிட்டு முழத்தால்’ வகுத்தால் 365.24 வரும்; அது ஓராண்டின் நாட்கணக்கு என்றார் சிமித். அவருடைய முழம் 25 பிரமிட்டு அங்குலங்களைக் கொண்டது. அந்த அங்குலமோ பிரித்தானிய அங்குலத்தினின்று ஆயிரத்தில் ஒரு பங்களவே வேறுபட்டது. எகிப்தில் தெய்வ அருளால் வெளிப்பட்ட அலகு எப்படியோ விக்ரோறியா மகாராணியாரின் நாட்டு அலகாகவே இருந்துவிட்டது! பிரித்தானியா மீற்றர் முறையை ஏற்கலாமா என்ற விவாதம் சூடுபிடித்திருந்த காலம் அது என்பதையும், சிமித் மீற்றரை வன்மையாக எதிர்த்தவர் என்பதையும் நினைவிற் கொண்டால், இக்கணக்கின் சமூகப் பின்னணி புலனாகும்.

சிமித்தின் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட குடும்பத்திலே வளர்ந்த பிளிண்டேர்சு பெற்றி என்ற இளைஞர் 1880 முதல் 1882 வரை கீசாவில் தங்கிப் பிரமிட்டை நுணுக்கமாக அளந்தார். நாட்கணக்கு பொருந்துவதற்கு அடிப்பக்கம் ஏறக்குறைய 9140 அங்குலமாக இருத்தல் வேண்டும். பெற்றி கண்டதோ ஏறக்குறைய 9069 அங்குலம். அதாவது, ஆறடி அளவிற் குறைவு. 1883 இல் வெளியான அவரது நூலோடு ஆண்டின் நாட்கணக்குச் சரிந்தது. தான் நம்பிச் சென்ற கருத்தைத் தன் கையால் எடுத்த அளவு மறுத்தபோது, அளவின் பக்கமே நின்ற அவரது நேர்மை எமக்கு முன்மாதிரியாகத்தக்கது.

எனினும், விடயம் அவ்வளவில் முடிந்துவிடவில்லை. பிரமிட்டின் நாற்புறச் சுற்றளவை அதன் உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் 3.14 வருகின்றது. இதுவே வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள ‘பை’ என்னும் விகிதம். பக்கமுகத்தின் சாய்வுயரத்தை அடிப்பக்கத்தின் பாதியால் வகுத்தால் 1.618 வருகின்றது. இது பொன் விகிதம் எனப்படுவது. இவை அளவின் பிழையால் வந்தவையல்ல. பெற்றியின் அளவுகளிலும் இவை நிலைத்தன. அப்படியாயின், எகிப்தியர் இவ்விரு எண்களையும் கல்லில் மறைத்துவைத்தனரா?

இவ்விடத்திலேதான் மூன்றாவது சோதனை பயன்படுகின்றது. எகிப்திய முழம் ஏழு உள்ளங்கை அகலம் கொண்டது. ஓர் உள்ளங்கை நான்கு விரல். கி.மு. 1550 அளவிற் பிரதிசெய்யப்பட்ட இரைண்ட் பப்பைரசு என்னும் கணித ஏட்டில், 56 முதல் 60 வரையான கணக்குகள் சாய்வைப் பற்றியவை. அவற்றிற் சாய்வைக் குறிக்க எகிப்தியர் கோணத்தைப் பயன்படுத்தவில்லை; ‘செக்கெட்’ என்னும் அளவைப் பயன்படுத்தினர். ஒரு முழம் உயரும்போது சுவர் எத்தனை உள்ளங்கை உள்வாங்குகின்றது என்பதே செக்கெட். கல்வெட்டும் தொழிலாளி ஒரு மட்டப்பலகையால் ஒவ்வொரு கல்லிலும் சோதிக்கக்கூடிய எளிய விதி இது. பெரிய பிரமிட்டின் செக்கெட் ஐந்தரை உள்ளங்கை. அடிப்பக்கம் 440 முழம். அதன் பாதி 220. ஏழுக்கு ஐந்தரை என்ற வீதத்தில் உயர்ந்தால் உயரம் 280 முழம். சுற்றளவு 1760 முழம். 1760 ஐ 560 ஆல் வகுத்தால் 22/7. சாய்வுயரம் ஏறக்குறைய 356 முழம். அதனை 220 ஆல் வகுத்தால் 1.6186. ஐந்தரை என்னும் ஒரேயொரு தெரிவிலிருந்து இரண்டு ‘மறைபொருள்’ எண்களும் தாமாகவே வந்துவிடுகின்றன.

மேலும் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கவை. வட்டத்தின் பரப்பைக் காண அதே ஏட்டில் விட்டத்தின் ஒன்பதில் எட்டுப் பங்கை வர்க்கிக்கும் முறை கையாளப்படுகின்றது. அதன்படி ‘பை’யின் பெறுமானம் 3.16 ஆகும், 22/7 அன்று. எகிப்தியர் வட்டக் கணக்கைப் பிரமிட்டில் மறைத்திருந்தால், ஏட்டிற் கண்ட எண்ணையன்றோ மறைத்திருக்க வேண்டும்? இரண்டாவது, பெரிய பிரமிட்டைக் கட்டிய கூபுவின் மகன் கப்றேயின் பிரமிட்டு அருகிலேயே நிற்கின்றது. அதன் செக்கெட் ஐந்தேகால். பப்பைரசின் 57 ஆம் கணக்கிலும் இதே ஐந்தேகால் வருகின்றது. இச்சாய்வில் முன்சொன்ன கணக்கைச் செய்தால் ‘பை’ சரியாக மூன்றாகிவிடும். தந்தை அறிந்த பேருண்மையை மகன் மறந்தான் என்று கொள்வதா? அன்றி, இருவருடைய தச்சரும் ஒரே தொழில்விதியைக் கால் உள்ளங்கை வேறுபாட்டோடு கையாண்டனர் என்று கொள்வதா? பின்னையதே பொருத்தமானது. பப்பைரசு பிரமிட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பிந்தியது என்பது உண்மையே. ஆயினும், ஏட்டிலுள்ள விதி அருகருகேயுள்ள இரு கட்டடங்களிலும் முழு அளவாகவும் கால் அளவாகவும் பொருந்துவது வலுவான சான்றாகும்.

பாதெனன்

ஏதென்சு நகரின் பாதெனன் கோயிலைச் சுருக்கமாக நோக்கினாற் போதும். கி.மு. 447 இல் தொடங்கிக் கி.மு. 432 இல் நிறைவெய்திய இக்கோயிலின் முகப்பின்மேற் பொன் செவ்வகத்தை வரைந்து காட்டும் படத்தைப் பாடநூல்களிற் கண்டிராதவர் சிலரே. அச்செவ்வகத்தின் அடிக்கோடு ஒரு படத்தில் மேற்படியிலும் இன்னொரு படத்திற் கீழ்ப்படியிலும் நிற்கின்றது. மேற்கோடோ சிதைந்த முக்கோண முகப்பின் ஊகிக்கப்பட்ட உச்சியைத் தொடுகின்றது. கோட்டை நகர்த்தும் உரிமை இருக்குமாயின் எவ்விகிதத்தையும் எக்கட்டடத்திலும் காணலாம். பொன் விகிதத்தை இயற்கைக்கும் கலைக்கும் பொதுவான அழகுவிதியாகப் பரப்பியவர் 1854 இல் எழுதிய அடொல்பு சைசிங் என்ற யேர்மானியர். பாதெனனைக் கட்டிய இக்ரினோசும் கல்லிக்கிறாற்றீசும் அவ்வாறு கருதினர் என்பதற்குச் சான்றில்லை.

உண்மையில் அங்கே நிற்கும் விகிதம் வேறு. தூண்கள் நிற்கும் மேற்றளத்தின் அகலம் 30.88 மீற்றர், நீளம் 69.50 மீற்றர். இது நான்குக்கு ஒன்பது. தூணின் அடிவிட்டத்துக்கும் தூணிடைத் தூரத்துக்கும் உள்ள விகிதமும் நான்குக்கு ஒன்பதே. ஓரிடத்திற் கண்ட விகிதம், நாம் கோட்டை நகர்த்தாமலே, அதே கட்டடத்தின் வேறோர் உறுப்பில் மீண்டும் வருமாயின் அது கட்டியவர் கருத்து என்று கொள்ள இடமுண்டு. அன்றியும், அந்தத் தளம் மட்டமானதன்று. நீண்ட பக்கத்தின் நடுவில் ஏறக்குறைய 11 சென்ரிமீற்றரும், குறுகிய பக்கத்தின் நடுவில் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றரும் மேலெழுந்து வளைந்துள்ளது. இவ்வளைவை ஒவ்வொரு கல்லிலும் கணித்துச் செதுக்கிய தொழிலாளரின் கைத்திறன், படத்தின்மேல் வரைந்த செவ்வகத்தைவிட ஆயிரம் மடங்கு வியப்புக்குரியது. பொய்யான வியப்பு மெய்யான வியப்பை மறைத்துவிடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சுல்ப சூத்திரங்கள்

நூலும் கட்டடமும் ஒன்றையொன்று விளக்கும் அரிய வாய்ப்பு வேதகால வேள்விக் களத்தில் எமக்குக் கிடைக்கின்றது. போதாயனர், ஆபத்தம்பர், காத்தியாயனர் முதலியோர் பெயரில் வழங்கும் சுல்ப சூத்திரங்கள் வேள்விமேடை அமைக்கும் விதிகளைக் கூறுவன. ‘சுல்பம்’ என்பதற்குக் கயிறு என்பது பொருள். இரு முனைகளும் கயிறுமே கருவிகள். பருந்து வடிவான மேடை ஐந்து அடுக்குகளைக் கொண்டது. அடுக்கொன்றுக்கு 200 செங்கல்லாக 1000 செங்கற்கள். மேடையின் பரப்பு ஏழரைச் சதுரப் புருடம். வேள்வியை மீளச் செய்யுந்தோறும் பரப்பு ஒவ்வொரு சதுரப் புருடம் கூடவேண்டும். ஆயினும், வடிவம் மாறலாகாது. பரப்பைப் பெருக்கி வடிவத்தைக் காப்பது எளிதன்று. இத்தேவையிலிருந்தே செவ்வகத்தின் மூலைவிட்டம் பற்றிய தேற்றமும், இரண்டின் வர்க்கமூலத்துக்கு 577/408 என்ற பெறுமானமும் தோன்றுகின்றன. அப்பெறுமானம் தசமத்தின்பின் ஐந்து இடங்கள்வரை சரியானது.

ஈண்டு மூன்று சோதனைகளும் நிறைவேறுகின்றன. அலகு நூலிலேயே உள்ளது. எல்லை நூலிலேயே உள்ளது. விதி வெளிப்படையாகச் சொல்லப்படுகின்றது. இன்னொன்றும் நோக்கத்தக்கது. அதே நூல்கள் சதுரத்துக்குச் சமமான வட்டத்தை அமைக்கக் கூறும் முறையைக் கணித்துப் பார்த்தால் ‘பை’ ஏறக்குறைய 3.09 ஆகின்றது. மூலைவிட்டத்தில் அத்துணை நுட்பம் காட்டியவர்கள் வட்டத்தில் இத்துணை அண்ணளவோடு அமைந்தனர். உண்மையான கணித மரபு இவ்வாறுதான் இருக்கும். ஓரிடத்தில் ஆழமும் ஓரிடத்தில் மேலோட்டமும் கலந்திருக்கும். எல்லாவற்றையும் எக்காலத்துக்கும் முன்பே அறிந்திருந்தோர் என்று எவரையும் காட்டும் வரலாறு ஐயத்துக்குரியது.

சைடன்பேர்க் என்ற கணித வரலாற்றாசிரியர் 1962 இல் எழுதிய கட்டுரையொன்றில் கேத்திரகணிதம் சடங்கிலிருந்தே பிறந்தது என வாதிட்டார். அடுத்தடுத்த அடுக்குகளிற் செங்கற்களின் பொருத்துகள் ஒன்றன்மேலொன்று விழலாகாது என்ற சுல்ப விதியை நோக்கும்போது அவ்வாதத்தை முழுமையாக ஏற்கத் தயக்கம் உண்டாகின்றது. இவ்விதி சடங்கின் மொழியிற் சொல்லப்பட்டாலும், பொருத்து நேர்படின் சுவர் பிளக்கும் என்பது கொத்தனார் ஒவ்வொருவரும் அறிந்த தொழிலறிவு. சிந்துவெளியில் நீளம், அகலம், தடிப்பு என்பன 4:2:1 என்ற ஒழுங்கில் அமைந்த செங்கற்கள் வேள்விக்காக அன்றி வீட்டுக்கும் வாய்க்காலுக்குமே பெரிதும் பயன்பட்டன. தொழில் தந்த அறிவைச் சடங்கு பேணிக் கூர்மையாக்கியது என்பதே மிதமான முடிவாகும்.

தஞ்சைப் பெரிய கோயில்

இனி, தொடக்கத்திற் கூறிய கணக்குக்கு வருவோம். முதலாஞ் சோதனையிலேயே அது வீழ்கின்றது. 216 அடி என்பதில் வரும் அடி 30.48 சென்ரிமீற்றர் கொண்ட ஆங்கில அடி. ‘பன்னிரண்டடிக்கோல்’ போன்ற நிலவளவுக் கோல்கள் தமிழ்ச் சாசனங்களில் வருகின்றன என்பது உண்மையே. ஆனால், சொல் ஒன்றாயிருப்பதால் அளவும் ஒன்றாகிவிடாது. சோழர்காலத் தச்சனின் கோல் பிரித்தானியக் கோலோடு நூலிழை பிசகாமல் ஒத்திருந்தது என்று காட்டாதவரை, 216 என்ற எண்ணுக்குப் பொருளில்லை. பியாசி சிமித் தன் நாட்டு அங்குலத்தை எகிப்தியருக்கு வழங்கினார். நாமோ எம்மை ஆண்டவர் நாட்டு அடியை இராசராசனுக்கு வழங்கியுள்ளோம். தமிழின் பெருமையை நிறுவ ஆங்கில அடிக்கோலை நாடவேண்டி வந்தது என்ற முரணை எம் மேடைகள் உணரவில்லை.

இரண்டாஞ் சோதனையும் உதவாது. விமானத்தின் உயரம் நூலுக்கு நூல் ஏறக்குறைய 60 மீற்றருக்கும் 66 மீற்றருக்கும் இடையே மாறுகின்றது. பொலநறுவையில் எமக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்துள்ளது. அடித்தளத்தின் பக்கம் ஏறக்குறைய 30 மீற்றர். மானசாரம் என்னும் சிற்பநூல் கட்டடத்தின் உயரம் அகலத்துக்குச் சமமாகவும், ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால், இரண்டு மடங்காகவும் அமையலாம் என ஐந்து வகை கூறுகின்றது. 60 மீற்றரைக் கொண்டால் இரண்டு மடங்கு என்ற ஐந்தாம் வகை பொருந்தும். 66 மீற்றரைக் கொண்டால் பொருந்தாது. ஆயினும், இது நூற்சான்றுள்ள கருதுகோள். அளந்து மேலும் சோதிக்கத்தக்கது. எழுத்துக் கணக்கோ சோதனைக்கே இடந்தராதது. கோட்டை எங்கு நகர்த்தினால் 216 வருமோ அங்கு நகர்த்தியபின் வியப்பதே அதன் முறை.

விமானத்தின் நிழல் நிலத்தில் விழாது என்ற கூற்றையும் இவ்வாறே சோதிக்கலாம். தஞ்சை ஏறக்குறைய 10.8 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. உயரம் 60 மீற்றர், மையத்திலிருந்து விளிம்பு 15 மீற்றர் எனக் கொள்வோம். திசெம்பர் இறுதியில் நண்பகற் சூரியன் உச்சியிலிருந்து 34 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது கலசத்தின் நிழல் மையத்திலிருந்து ஏறக்குறைய 41 மீற்றர் வடக்கே விழும். விளிம்புக்கு அப்பால் 25 மீற்றருக்கு மேல். ஆகவே, நிழல் விழாது என்பது பொய். ஆனால், சூரியன் உச்சியிலிருந்து 14 பாகைக்குட்பட்டு நிற்கும்போது கலசத்தின் நிழல் விளிம்பைத் தாண்டாது. தஞ்சையின் அகலக்கோட்டில் மார்ச்சு நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் இறுதிவரை நண்பகலில் இந்நிலையே இருக்கும். மேற்பகுதியின் பருமனைக் கணக்கிற் சேர்த்தால் இவ்வெல்லை சற்று மாறும். எனவே, ஆண்டிற் பாதிக்குமேல் உச்சிப்பொழுதிற் கோயிலுக்கு வந்த ஒருவன் நிலத்தில் விமானத்தின் நிழலைத் தேடிக் காணாது போயிருத்தல் கூடும். மக்கள் கூற்று வெறுங் கற்பனையன்று. உண்மையான ஓர் அவதானிப்பின் மிகைப்படுத்தல். சரிவு, அகலக்கோடு என்ற இரண்டையும் சொன்னால் அது புவியியற் பாடம்; சொல்லாது விட்டால் அது அற்புதம்.

அப்படியாயின், தஞ்சையிற் கல்லிற் கண்ட கணக்கு எது? மயமதம், மானசாரம் முதலிய நூல்கள் கூறும் ஆயாதிக் கணக்கு அவற்றுள் ஒன்று. சுற்றளவை முழத்தில் எடுத்து மூன்றாற் பெருக்கி எட்டால் வகுத்தால் வரும் மீதி யோனி எனப்படும். மீதி ஒற்றையெண்ணாயின் நன்று. இரட்டையாயின் அளவைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ திருத்த வேண்டும். சுற்றளவு 36 முழமாயின் மீதி நான்கு, ஆகாது. 35 ஆயின் ஒன்று; ஆகும். யாழ்ப்பாணத்தில் மனையடி சாத்திரம் பார்த்து வீட்டுக்கு நிலையம் எடுக்கும் முறையும் இம்மரபின் கிளையே. ஆனால், இக்கணக்கைக் கண்ணாற் காண இயலாது. பக்கம் எட்டேமுக்கால் முழமான சதுர அறைக்கும், நீளம் பன்னிரண்டரையும் அகலம் ஐந்தும் முழமான ஒடுங்கிய அறைக்கும் சுற்றளவு 35 முழமே, யோனியும் ஒன்றே. ஆகவே, கோயிற் கணக்கு அனைத்தும் அழகுக்கான கணக்கு என்று கொள்வது தவறு. அழகுக்குரிய விகிதம் ஒன்று, மங்கலத்துக்குரிய மீதி ஒன்று, பாரந்தாங்குவதற்குரிய தடிப்பு ஒன்று என மூவகைக் கணக்குகளைத் தச்சன் ஒரே கோலில் இணைக்க வேண்டியிருந்தது. அவன் எட்டிய அளவு அம்மூன்றுக்கும் இடையே கண்ட இணக்கம். ஒரே மந்திர எண்ணைத் தேடுவோர் இவ்விணக்கத்தின் அருமையை உணர்வதில்லை.

இரண்டாவது, கோயிலின் சாசனங்கள். கி.பி. 1010 இல், தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275 ஆம் நாளில், இராசராசன் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் அளித்தான் எனக் கல்வெட்டுக் கூறுகின்றது. ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியச் சாசனங்களின் இரண்டாந் தொகுதியைப் படிப்பவர்க்கு அங்கே மீண்டும் மீண்டும் தோன்றுவது அளவே. செப்புத் திருமேனி ஒவ்வொன்றின் உயரமும் கோயிலிற் காக்கப்பட்ட முழத்தால் அளந்து, முழம், விரல், தோரை எனக் குறிக்கப்படுகின்றது. பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணிகள் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுக்கப்படுகின்றன. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரும் பங்கும் பட்டியலிடப்படுகின்றன. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் அங்கேயே உள்ளது. எந்த அளவுகோலால் அளந்தோம் என்பதைக்கூடச் சொல்லிவைத்த மரபு இது. அம்மரபின் வாரிசுகளாகிய நாம், எந்த அளவுகோலால் என்று கேளாமலே 216 என்கிறோம்.

இரு தரப்பினரும் மறுப்பும்

இவ்வாறு எழுதுவது தமிழரின் பெருமையைக் குறைப்பதாகும் எனச் சிலர் கூறலாம். பெருந்தச்சனின் பெருமை எழுத்துக் கணக்கில் இல்லை. கல்லுடைத்தோர், சாரங் கட்டியோர், ஏற்றி இறக்கியோர் ஆகிய பெயரறியா மக்களின் உழைப்பை ஒரே கோலின் ஒழுங்கிற்குள் கொண்டுவந்ததில் உள்ளது. உச்சியில் 80 தொன் எடையுள்ள ஒரே கல் உள்ளது என்பாரும் உளர். அது பல கற்களை இணைத்தமைத்தது எனக் கட்டடவியல் ஆய்வாளர் காட்டியுள்ளனர். பல கற்களை அவ்வுயரத்தில் ஒரு கல்லெனத் தோன்றுமாறு இணைத்தவனுக்கு, ஒரே கல் என்ற கதை புகழன்று; அவன் செய்த வேலையை இல்லையென்பதாகும்.

மறுபுறத்தில், ஆயாதி முதலியவற்றை மூடநம்பிக்கை என ஒரு சொல்லில் ஒதுக்கும் போக்கும் எம்மிடையே உண்டு. அதுவும் ஆய்வன்று. மீதியைக் கொண்டு அளவைத் திருத்தும் முறை, தலைமுறை தலைமுறையாக ஒரே கோலையும் ஒரே கணக்கையும் தச்சரிடையே நிலைபெறச் செய்தது. நம்பிக்கையாக நோக்குவார்க்கு அது நம்பிக்கை. தொழில் வரலாற்றை நோக்குவார்க்கு அது ஓர் அளவைக் கட்டுப்பாடு. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிற் கைவினைஞரை நேரிற் கண்டு, அவர்தம் தொழிலையும் மரபையும் சடங்கையும் பிரிக்காது பதிவுசெய்தார். அவருடைய முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால், முதலிற் கைவினைஞனைக் கேட்பது என்ற அவருடைய முறையை ஏற்றல் தகும்.

முடிவுரை

சுருங்கக் கூறின், எண் கட்டடத்தில் இருக்கின்றது என்பதால் மட்டும் அது கட்டியவன் கருத்தில் இருந்தது என்றாகாது. அலகு, எல்லை, புறச்சான்று என்ற மூன்றையும் கேட்டபின் பிரமிட்டில் எஞ்சுவது ஐந்தரை உள்ளங்கை. பாதெனனில் எஞ்சுவது நான்குக்கு ஒன்பது. வேள்விக் களத்திற் கயிறும் செங்கல்லும். தஞ்சையில் முழமும் விரலும் தோரையும். இவை மறைபொருள் எண்களைவிடச் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால், இவை மனிதர் கையாற் பிடித்து அளந்தவை.

எம் நாட்டிலுள்ள பழைய சைவக் கோயில்களுட் பலவற்றுக்கு நம்பகமான அளவு வரைபடங்கள் எம் மாணவர் கைக்கு எளிதில் எட்டுவதில்லை. பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவரும் கணித மாணவரும் பொறியியல் மாணவரும் விடுமுறையொன்றிற் கூடினால், உரியோரின் அனுமதியோடு, எங்கிருந்து எங்குவரை எந்தக் கோலால் அளந்தோம் என்று எழுதி, ஒரு கோயிலையேனும் முறையாக அளந்துவிடலாம். தமிழ்ச் சங்கம் இதனை அடுத்த ஆண்டின் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். பேச்சுப் போட்டியிற் பெற்ற கைதட்டலுக்கு இக்கட்டுரையாளன் செலுத்தவேண்டிய கடன் இன்னும் நிலுவையில் உள்ளது. அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடிக்க அவன் ஆயத்தமாக இருக்கின்றான்.